பழைய பெயரைக் கைவிடாமல் முதன்மை டொமைனை மாற்றுவது

சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகை) உள்ள ஹோஸ்டிங் கணக்கைத் தொடங்கும்போது எந்த டொமைன் பெயரைக் கொடுக்கிறோமோ அதுவே அந்தக் கணக்கின் முதன்மை டொமைன். சில வருடம் கழித்துக் கடையின் பெயர் மாறும். டாட் இன் வைத்திருந்தவருக்கு டாட் காம் கிடைக்கும். அல்லது முதலில் சோதனைக்காகத் தொடங்கிய பெயரே நிலைத்துவிட்டிருக்கும். அப்போது முதன்மை டொமைனை மாற்ற வேண்டியதாகிறது. சர்வரில் இதைச் செய்ய ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் பழைய பெயர் கணக்கைவிட்டு முழுவதுமாக நீங்கிவிடும். அதன் மெயில் முகவரிகள், டிஎன்எஸ் பதிவுகள் (பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்பவை), எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கானது) எல்லாம் கூடவே போய்விடும். அதனால் இந்த வேலையில் முக்கால் பங்கு பழைய பெயரை உயிரோடு வைத்திருக்கும் வேலைதான்.

கீழே உள்ளது சிபேனல் கணக்கையும் அதில் ஓடும் வேர்ட்பிரஸ் தளத்தையும் மனதில் வைத்து எழுதியது. ப்ளெஸ்க், டைரக்ட்அட்மின் ஆகிய வேறு பலகைகளை வைத்திருப்பவர்களுக்குச் சில வேறுபாடுகள் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

மாற்றத்தான் வேண்டுமா?

தளத்துக்கு வருகிறவர் கண்ணில் முதன்மை டொமைன் எது என்பது படுவதே இல்லை. அது சிபேனல் முகப்பின் ஓரத்திலும் ஹோஸ்டிங் பில்லிலும் இருக்கும், அவ்வளவுதான். உங்கள் திட்டத்தில் இன்னொரு டொமைன் சேர்க்க இடமிருந்தால், முதன்மையைத் தொடாமலேயே காரியத்தை முடிக்கலாம். சிபேனலில் ‘டொமைன்ஸ்’ பகுதிக்குப் போய் புதிய டொமைனைச் சேர்க்கும்போது, முதன்மை டொமைனின் ஃபோல்டரையே பகிர்ந்துகொள்ளும் தேர்வு வரும். அதை டிக் செய்தால் இரண்டு பெயரும் தளத்தின் கோப்புகள் இருக்கும் பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டரையே காட்டும். பிறகு வேர்ட்பிரஸில் முகவரியை மாற்றிப் பழைய பெயரிலிருந்து ரீடைரக்ட் (வருகிறவரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுவது) வைத்தால் முடிந்தது. எதுவும் அழியாது, ஒரு மெயில்கூடத் தவறாது. முடிந்தவர்கள் இந்த வழியில் போவதே நல்லது.

உண்மையாகவே மாற்ற வேண்டிய சந்தர்ப்பங்கள் சில. ஒரே டொமைன் மட்டும் அனுமதிக்கும் திட்டமாக இருக்கலாம் (சில நிறுவனங்கள் ஏலியாஸ் டொமைனை, அதாவது முதன்மை டொமைனின் தளத்தையே காட்டும் கூடுதல் பெயரை, அந்த எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, முதலில் கேட்டுப் பாருங்கள்). பழைய டொமைனை வேறொருவருக்கு விற்கப் போகலாம். பழைய பெயரின் தளத்தை வேறு சர்வருக்குக் கொண்டுபோய், இந்தக் கணக்கைப் புதிய பெயருக்கு மட்டும் வைத்துக்கொள்ள நினைக்கலாம். இவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் மேலே படியுங்கள்.

யார் மாற்ற முடியும்

சிபேனலுக்குள் இதற்குப் பொத்தான் கிடையாது. மாற்றும் இடம் டபிள்யூஎச்எம், அதாவது சிபேனல் கணக்குகளை நிர்வகிக்கும் மேல்நிலைப் பலகை. அது ஹோஸ்டிங் நிறுவனத்திடமோ உங்களுக்குக் கணக்கு விற்ற ரீசெல்லரிடமோ இருக்கும். அங்கே ‘மாடிஃபை அன் அக்கவுண்ட்’ பக்கத்தில் ‘பிரைமரி டொமைன்’ என்ற பெட்டியில் புதுப் பெயரை எழுதிச் சேமிப்பார்கள். சில நிறுவனங்கள் தங்களுடைய வாடிக்கையாளர் பக்கத்திலேயே இதற்கு வசதி வைத்திருக்கின்றன. இல்லையென்றால் சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட வேண்டும்.

ப்ளெஸ்கில் ‘ஹோஸ்டிங் செட்டிங்ஸ்’ பக்கத்தில் டொமைன் பெயரை மாற்றலாம். டைரக்ட்அட்மினில் டொமைன் அமைப்புப் பக்கத்திலேயே பெயரை மாற்றும் வசதி உண்டு. அதில் ஒவ்வொரு டொமைனுக்கும் தனி ஃபோல்டர் என்பதால், சிபேனலில் வரும் ஃபோல்டர் குழப்பம் அங்கே குறைவு.

டபிள்யூஎச்எம்மின் அதே பக்கத்தில் கணக்கின் யூசர்நேமையும் மாற்றலாம். வேண்டாம். யூசர்நேம் மாறினால் ஹோம் ஃபோல்டரின் பாதையே மாறும். டேட்டாபேஸ் பெயர்களுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் பழைய யூசர்நேமும் மாறக்கூடும். வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பிலும் க்ரான் வேலைகளிலும் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) எழுதியிருக்கும் பாதைகளும் பெயர்களும் அதோடு பொருந்தாமல் போகும். பார்வைக்கு அழகில்லை என்பதைத் தவிரப் பழைய யூசர்நேமால் எந்தத் தொல்லையும் இல்லை. டிக்கெட்டில் ‘யூசர்நேமை மாற்ற வேண்டாம்’ என்று தனி வரியாக எழுதுங்கள். சொல்லாவிட்டால் உதவி செய்வதாக நினைத்துச் சிலர் மாற்றிவிடுவார்கள்.

சர்வருக்குள் என்ன நடக்கிறது

டபிள்யூஎச்எம்மில் சேமித்த உடனே நான்கு காரியங்கள் நடக்கின்றன. பிரச்சினை எங்கே முளைக்கும் என்று முன்கூட்டியே தெரிய, இவற்றைப் புரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, வெப்சர்வர் இனி பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டரைப் புதுப் பெயருக்குக் காட்டும். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய பெயரைக் கேட்டு வருகிறவர்களுக்கு அந்தச் சர்வரில் பதில் சொல்ல யாரும் இல்லை. சிபேனலின் ‘சாரி’ என்ற பிழைப் பக்கமோ வேறொருவர் தளமோ வரும்.

இரண்டாவது, அந்தச் சர்வரில் பழைய பெயருக்கு இருந்த டிஎன்எஸ் பதிவுகள் நீங்கி, புதுப் பெயருக்கான பதிவுகள் உருவாகும். நீங்கள் கையால் சேர்த்திருந்த பதிவுகளைப் பழைய பெயரில் திரும்பத் தேடினால் இருக்காது. உங்கள் நேம்சர்வர் (டிஎன்எஸ் பதிவுகளை வெளியுலகுக்குச் சொல்லும் சர்வர்) கிளவுட்ஃப்ளேர் என்ற வெளிச் சேவையிலோ டொமைன் வாங்கிய இடத்திலோ இருந்தால் இந்தக் கவலை இல்லை. அப்போது சிபேனலில் இருக்கும் டிஎன்எஸ் பதிவுகளை வெளியுலகம் பார்ப்பதே இல்லை.

மூன்றாவது மெயில். பழைய டொமைனில் இருந்த பெட்டிகள் அப்படியே புதுப் பெயருக்கு மாறும். ‘இன்ஃபோ’ என்ற பெட்டி பழைய கடிதங்களோடும் பழைய பாஸ்வேர்டோடும் புதிய டொமைனின் ‘இன்ஃபோ’ ஆகிவிடும். பழைய முகவரி மறைந்துவிடும். அந்த முகவரிக்கு யாராவது எழுதினால் சர்வர் 550 என்ற பிழையோடு திருப்பி அனுப்பும். 550 என்றால் நிரந்தர மறுப்பு. அனுப்பியவரின் சர்வர் மறுபடி முயற்சி செய்யாது. அந்தக் கடிதம் உங்களுக்கு இனி வரவே வராது. இந்தப் பட்டியலில் திருத்த முடியாத இழப்பு இது ஒன்றுதான். தளம் இரண்டு மணி நேரம் தெரியாமல் போனால் பிறகு சரியாகிவிடும். திரும்பிப்போன ஆர்டர் மெயில் திரும்பியே வராது.

நான்காவது, பழைய பெயருக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் பயனில்லாமல் போகும்; புதுப் பெயருக்குப் புதிதாக வாங்க வேண்டும்.

முன்னேற்பாடு

மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே தொடங்குங்கள்.

முழு பேக்கப் எடுத்து உங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். சிபேனலில் ‘பேக்கப்’ பகுதியில் முழுக் கணக்கு பேக்கப் எடுக்கலாம். ஆனால் அதை வாடிக்கையாளர் தானாகத் திரும்ப ஏற்ற முடியாது. ஹோஸ்டிங் நிறுவனம்தான் ஏற்ற வேண்டும். ஆகவே டேட்டாபேஸையும் ஹோம் ஃபோல்டரையும் தனித்தனியாகவும் எடுத்துவையுங்கள். இவற்றை நீங்களே திரும்ப ஏற்றலாம்.

‘ஸோன் எடிட்டர்’ திறந்து பழைய டொமைனின் எல்லாப் பதிவுகளையும் ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை: எம்எக்ஸ் பதிவுகள் (மெயில் எந்தச் சர்வருக்குப் போகும் என்பவை), எஸ்பிஎஃப்-டிகேஐஎம்-டிமார்க் உள்ள டெக்ஸ்ட் பதிவுகள் (மெயில் உண்மையில் உங்களிடமிருந்து வந்தது என்று காட்டுபவை), கூகுள் சரிபார்ப்புப் பதிவு, வேறு சர்வரைக் காட்டும் சப்டொமைன்கள். ஃபார்வர்டர்கள், ஆட்டோரெஸ்பாண்டர்கள், எஃப்டிபி கணக்குகள், க்ரான் வேலைகள் ஆகியவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பழைய பெயர் ஒட்டிய எஃப்டிபி உள்நுழைவுப் பெயர்கள் மாற்றத்துக்குப் பின் வேலை செய்கின்றனவா என்று பார்க்க இது உதவும்.

டிடிஎல் அளவை, அதாவது மற்ற சர்வர்கள் ஒரு டிஎன்எஸ் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, குறையுங்கள். சிபேனலில் வழக்கமாக இது 14400 விநாடி, அதாவது 4 மணி நேரம். இரண்டு டொமைன்களின் ஏ பதிவையும் (சர்வரின் ஐபி எண்ணைச் சொல்வது) எம்எக்ஸ் பதிவையும் 300 விநாடிக்கு இறக்கினால், மாற்றம் ஐந்து நிமிடத்தில் பரவும். பழைய அளவு தீரும்வரை பொறுத்துத்தான் மாற்றத்தைச் செய்ய வேண்டும். இன்று குறைத்து இன்றே மாற்றினால் பயனில்லை. நேம்சர்வரையே மாற்றுவதாக இருந்தால் இந்தத் தந்திரம் எடுபடாது. டாட் காம் பதிவகம் நேம்சர்வர் தகவலுக்கு வைத்திருக்கும் டிடிஎல் 172800 விநாடி, முழு இரண்டு நாள். அதை உங்களால் குறைக்க முடியாது. ஆகவே புதிய டொமைனின் நேம்சர்வரை இப்போதே மாற்றிவைத்துவிடுங்கள்.

புதிய டொமைனை வாங்கியபோது அதைப் பழைய தளத்துக்கு ஃபார்வர்ட் செய்து வைத்திருப்பீர்கள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த ஃபார்வர்டிங்கை இப்போதே நீக்குங்கள். புதியது பழையதற்கும், பழையது புதியதற்குமாகத் திருப்பிவிட்டால் தளம் சுற்றிக்கொண்டே இருக்கும். நிரந்தர ரீடைரக்டை பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், நீக்கிய பிறகும் உங்கள் கணினியில் மட்டும் பிரச்சினை தொடர்வது போலத் தோன்றும். அப்போது இன்காக்னிட்டோ சாளரத்தில் பாருங்கள்.

இன்னொன்று, மிக முக்கியமானது. டொமைன் வாங்கிய நிறுவனத்தில் உங்கள் தொடர்பு முகவரி என்னவென்று பாருங்கள். அது பழைய டொமைனின் மெயிலாக இருந்தால் உடனே ஜிமெயில் போன்ற வேறொரு முகவரிக்கு மாற்றுங்கள். டாட் காம் போன்ற டொமைன்களில் பதிவுதாரரின் மெயிலை மாற்றினால் சரிபார்ப்பு இணைப்பு ஒன்று வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் டொமைனே நிறுத்தப்படும். ஹோஸ்டிங் கணக்கு, வங்கி, ஜிஎஸ்டி, ரேஸர்பே என்று பழைய மெயிலுக்கு ஓடிபி வரும் இடங்கள் எல்லாவற்றையும் இந்த இரண்டு நாளில் மாற்றிவிடுவது நல்லது.

வேர்ட்பிரஸில் டொமைனோடு கட்டப்பட்ட லைசன்ஸ் உள்ள ப்ளகின்கள் இருந்தால் பழைய பெயரிலேயே டீஆக்டிவேட் செய்யுங்கள். பிறகு புதுப் பெயரில் ஆக்டிவேட் செய்யலாம்.

புதிய டொமைன் ஏற்கெனவே இதே கணக்கில் இருந்தால்

இது அடிக்கடி வரும் நிலை. புதிய பெயரை அட்ஆன் டொமைனாகவோ (அதே கணக்கில் தனி ஃபோல்டரோடு இருக்கும் இன்னொரு டொமைன்) ஏலியாஸாகவோ சேர்த்து வைத்திருப்பீர்கள். ஒரு டொமைன் ஒரு சர்வரில் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும் என்பதால், அதை நீக்காமல் முதன்மையாக்கப் போனால் ‘டொமைன் ஏற்கெனவே உள்ளது’ என்ற பிழை வரும். முதலில் அட்ஆனை நீக்க வேண்டும். நீக்கினாலும் அதன் ஃபோல்டரும் கோப்புகளும் அழியாது. ஆனால் டிஎன்எஸ் பதிவுகள் போய்விடும். அந்த டொமைனில் மெயில் பெட்டிகள் இருந்தால், நீக்கும் முன் அவற்றிலுள்ள கடிதங்களை ஒரு மெயில் செயலியில் இறக்கிவையுங்கள்.

அட்ஆன் டொமைனில் தனித் தளம் ஓடியிருந்தால் அதன் கோப்புகளைப் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் பப்ளிக்_எச்டிஎம்எல்லில் இருக்கும் பழைய தளத்தை வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அந்த ஃபோல்டர் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் இணையத்தில் திறந்து கிடக்கும். மற்ற அட்ஆன் டொமைன்களின் ஃபோல்டர்கள் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்குள்ளேயே இருக்கக்கூடும், அவற்றைத் தொடாதீர்கள். பிறகு புதிய தளத்தின் கோப்புகளை உள்ளே கொண்டுவாருங்கள்.

ஃபைல் மேனேஜரில் ‘செட்டிங்ஸ்’ திறந்து மறைந்த கோப்புகளைக் காட்டும் தேர்வை முதலில் இயக்குங்கள். இல்லையென்றால் சர்வருக்கான விதிகள் உள்ள எச்டிஅக்செஸ் கோப்பு பின்தங்கிவிடும். முகப்புப் பக்கம் திறக்கும், மற்ற எல்லாப் பக்கமும் 404 காட்டும். வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு ப்ளகின் வைத்திருந்தால் யூசர்.இனி என்ற மறைந்த கோப்பையும் பாருங்கள். அதில் வேர்ட்ஃபென்ஸின் ஃபயர்வால் கோப்புக்கு முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். ஃபோல்டர் மாறியபின் அந்தப் பாதையில் கோப்பு இருக்காது; தளம் முழுவதும் 500 பிழையில் நிற்கும். பாதையைத் திருத்துங்கள். பிஎச்பி அந்தக் கோப்பை வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மறுபடி படிக்கும், ஆகவே திருத்தியவுடன் சரியாகவில்லை என்று பதறாதீர்கள்.

மாற்றும் நேரம்

மெயில் குறைவாக வரும் இரவு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். டிக்கெட்டில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதுங்கள். பழைய பெயர் இது, புதிய பெயர் இது, யூசர்நேம் மாறக்கூடாது, மாற்றிய உடனே பழைய பெயரை அதே கணக்கில் ஏலியாஸாகச் சேர்த்துத் தாருங்கள். கடைசி வரிதான் உயிர். இரண்டையும் ஒரே அமர்வில் செய்தால் மெயில் திரும்பிப்போகும் இடைவெளி சில நிமிடங்களோடு நிற்கும். அவர்கள் மாற்றிக் கொடுத்துவிட்டு, ஏலியாஸை நீங்கள் காலையில் எழுந்து சேர்ப்பதாக இருந்தால் அந்த இரவு முழுவதும் வந்த மெயில்கள் போயின.

மாற்றியபின் சரிபார்க்க டிஎன்எஸ் பரவும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி, அதற்குள் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு இருக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சர்வரின் ஐபி எண்ணையும் ஓர் இடைவெளி விட்டுப் புதிய டொமைன் பெயரையும் அதில் ஒரு வரியாக எழுதிச் சேமித்தால், உங்கள் கணினி மட்டும் நேராக அந்தச் சர்வருக்குப் போகும். வேலை முடிந்ததும் அந்த வரியை அழிக்க மறக்காதீர்கள். மறந்தால் பல மாதம் கழித்துச் சர்வர் மாற்றும்போது உங்களுக்கு மட்டும் பழைய சர்வரே தெரியும்.

ரீசெல்லர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் வாடிக்கையாளர்களின் நேம்சர்வர் பெயர்கள் பழைய டொமைனின் கீழ் இருந்தால், அந்த டொமைனின் டிஎன்எஸ் பதிவுகள் நீங்கும்போது அத்தனை தளங்களும் சேர்ந்து விழக்கூடும். அந்த டொமைனை முதன்மையாகவே விட்டுவிடுங்கள்.

வேர்ட்பிரஸ்

சர்வர் புதுப் பெயரை ஏற்றுக்கொண்டாலும் வேர்ட்பிரஸ் தன் டேட்டாபேஸில் எழுதியிருக்கும் பழைய முகவரிக்கே எல்லோரையும் அனுப்பும். ஆப்ஷன்ஸ் அட்டவணையில் ‘சைட்யூஆர்எல்’, ‘ஹோம்’ என்று இரண்டு மதிப்புகள் உண்டு. உள்ளே நுழைய முடிந்தால் ‘செட்டிங்ஸ்’ - ‘ஜெனரல்’ பக்கத்தில் இரண்டையும் மாற்றுங்கள். நுழைய முடியாவிட்டால் டேட்டாபேஸைக் கையாளும் பிஎச்பிமைஅட்மினில் திறந்து அந்த இரண்டு வரிகளையும் கையால் திருத்துங்கள். திருத்தியும் மாறவில்லையென்றால் கான்ஃபிக் கோப்பில் இவ்விரண்டும் நிலையாக எழுதப்பட்டிருக்கும். அங்கே எழுதியிருப்பதுதான் செல்லும். டேட்டாபேஸில் எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

அடுத்து, பதிவுகளுக்குள்ளும் படங்களின் இணைப்புகளிலும் புதைந்திருக்கும் பழைய முகவரிகள். இவற்றை பிஎச்பிமைஅட்மினில் ஒரே எஸ்க்யூஎல் கட்டளையால் மாற்றும் யோசனையைப் பல இடங்களில் காண்பீர்கள். அதைச் செய்யாதீர்கள். தீம் அமைப்பு, விட்ஜெட், பேஜ் பில்டர் தரவு போன்றவற்றை வேர்ட்பிரஸ் சீரியலைஸ் செய்து சேமிக்கிறது. ஒவ்வொரு எழுத்துத் தொடருக்கு முன்னாலும் அதன் நீளம் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். 22 எழுத்து முகவரி 25 எழுத்தாக மாறி, எண் மட்டும் 22 ஆகவே நின்றால் பிஎச்பியால் அந்தத் தொகுப்பைப் படிக்க முடியாது. முகப்புப் பக்கத்தின் வடிவமைப்பு காலியாகிவிடும், என்ன நடந்தது என்றே தெரியாது.

சரியான கருவி, வேர்ட்பிரஸைக் கட்டளை வரியில் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை. டெர்மினல் வசதி இல்லாதவர்களுக்கு ‘பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்’ ப்ளகின். இரண்டும் நீளத்தைத் திருத்தி எழுதும். இரண்டிலும் ட்ரை ரன் (எதையும் மாற்றாமல் சோதித்துப் பார்ப்பது) உண்டு; முதலில் அதை ஓட்டி எத்தனை இடம் மாறும் என்று பாருங்கள். ‘ஜியூஐடி’ என்ற பத்தியை விலக்கிவிடுங்கள். அது பதிவின் நிலையான அடையாளம், மாறினால் ஃபீட் வழியாகப் படிப்பவர்களுக்குப் பழைய பதிவெல்லாம் புதியதாக வந்து கொட்டும்.

தேடும் சொல்லில் ஒரு நுணுக்கம். டொமைன் பெயரை மட்டும் கொடுக்காமல், முன்னால் உள்ள இரண்டு சாய்கோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். புதிய பெயர் பழைய பெயரைத் தனக்குள் வைத்திருக்கும் நிலையை நினைத்துப் பாருங்கள்: ‘கடை.காம்’ என்பது ‘புதுக்கடை.காம்’ ஆகிறது. வெறும் பெயரைத் தேடி இரண்டாம் முறை ஓட்டினால் ‘புதுபுதுக்கடை’ ஆகிவிடும். சாய்கோடுகள் இருந்தால் அது நடக்காது. பதிவுக்குள் எழுதியிருக்கும் மெயில் முகவரிகளும் தப்பிக்கும். பழைய தளம் டபிள்யூடபிள்யூடபிள்யூவோடு இருந்திருந்தால் அந்த வடிவத்துக்குத் தனியாக இன்னொரு முறை ஓட்ட வேண்டும். எலிமென்டார் என்ற பேஜ் பில்டர் தன் தரவில் ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோட்டைப் போட்டு வைத்திருக்கும்; அதற்கு எலிமென்டாரின் ‘டூல்ஸ்’ பக்கத்தில் உள்ள ‘ரீப்ளேஸ் யூஆர்எல்’ வசதியையே பயன்படுத்துங்கள். முடிந்ததும் எல்லா கேஷையும் காலி செய்து, பெர்மாலிங்க் பக்கத்தை ஒருமுறை திறந்து சேமியுங்கள்.

சான்றிதழ், பிறகு ரீடைரக்ட்

இந்த வரிசை மாறக்கூடாது. பழைய பெயருக்குச் சான்றிதழ் இல்லாமல் ரீடைரக்ட் மட்டும் வைத்தால் அது வேலை செய்யாது. பழைய எச்டிடிபிஎஸ் இணைப்பை அழுத்துகிறவரின் பிரவுசர் முதலில் சான்றிதழைத்தான் கேட்கும். அது இல்லையென்றால் சிவப்பு எச்சரிக்கையோடு அங்கேயே நின்றுவிடும், ரீடைரக்டை எட்டவே எட்டாது. பழைய தளத்தில் எச்எஸ்டிஎஸ் (எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே வரச் சொல்லும் அமைப்பு) இயக்கப்பட்டிருந்தால் எச்சரிக்கையைத் தாண்டிப் போகவும் பிரவுசர் வழி தராது.

இரண்டு பெயரும் சர்வரைக் காட்டத் தொடங்கிய பின் சிபேனலில் ‘எஸ்எஸ்எல் ஸ்டேட்டஸ்’ பக்கத்தைத் திறந்து ‘ரன் ஆட்டோஎஸ்எஸ்எல்’ அழுத்துங்கள். இரண்டு பெயருக்கும், அவற்றின் டபிள்யூடபிள்யூடபிள்யூ வடிவத்துக்கும், மெயில் சப்டொமைனுக்கும் பச்சைப் பூட்டு வரவேண்டும். வரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் டிஎன்எஸ் இன்னும் வேறு ஐபியைக் காட்டுவதுதான். சிஏஏ என்ற டிஎன்எஸ் பதிவு வேறு சான்றிதழ் நிறுவனத்தை மட்டும் அனுமதித்திருந்தாலும் மறுக்கப்படும். பொறுமையில்லாமல் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் நிறுவனத்தில் ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 தோல்விக்கு மேல் போனால் கொஞ்ச நேரம் கதவை மூடிவிடும்.

பிறகு ‘ரீடைரக்ட்ஸ்’ பகுதியில் பழைய டொமைனைத் தேர்ந்தெடுத்து, நிரந்தரம் என்பதற்கான 301 வகையை வைத்து, புதிய முகவரியை எழுதுங்கள். ‘வைல்ட் கார்டு ரீடைரக்ட்’ தேர்வை டிக் செய்யுங்கள். அது இல்லாவிட்டால் பழைய பதிவொன்றைத் தேடி வந்தவரை முகப்பில் கொண்டுபோய் நிறுத்தும். டிக் செய்தால் அதே பதிவுக்குப் போவார். சிபேனல் இதை எச்டிஅக்செஸ் கோப்பில் எழுதும்; வேர்ட்பிரஸ் தனக்காக எழுதிய பகுதிக்கு மேலே அந்த வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, கீழே இருந்தால் வெட்டி மேலே ஒட்டுங்கள்.

டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று முழுக்கத் தமிழெழுத்தில் டொமைன் வைத்திருப்பவர்கள், எச்டிஅக்செஸ் விதிகளில் தமிழ் எழுத்தை எழுதினால் பொருந்தாது. பிரவுசர் சர்வருக்கு அனுப்புவது ப்யூனிகோட் என்ற வடிவம். எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் அந்த ஆங்கில எழுத்துத் தொடரைத்தான் விதியில் எழுத வேண்டும்.

மெயில்

பழைய பெயர் ஏலியாஸாகச் சேர்ந்தவுடன் ‘ஃபார்வர்டர்ஸ்’ பகுதியில் டொமைன் முழுவதற்குமான ஃபார்வர்டர் ஒன்றைச் சேருங்கள். பழைய டொமைனின் எந்த முகவரிக்கு வந்தாலும் புதிய டொமைனின் அதே முகவரிக்குப் போய்ச் சேரும். ஒரே சர்வருக்குள் நடப்பதால் எஸ்பிஎஃப் தோல்வி வராது.

உங்கள் மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸிலோ ஜோஹோவிலோ இருந்தால் வழி வேறு. அந்தச் சேவையின் நிர்வாகப் பக்கத்தில் இரண்டு டொமைனையும் ஒரே பெட்டிக்கு வரும்படி டொமைன் ஏலியாஸாகச் சேருங்கள். புதிதாக உருவான டிஎன்எஸ் பதிவுகளில் எம்எக்ஸ் சிபேனல் சர்வரையே காட்டும் என்பதால், சேவையின் எம்எக்ஸ் பதிவுகளை இரண்டு டொமைனிலும் மறுபடி எழுத வேண்டும். அதோடு ‘ஈமெயில் ரவுட்டிங்’ பக்கத்தில் இரண்டுக்கும் ‘ரிமோட்’ என்று வையுங்கள். இது ‘லோக்கல்’ ஆக இருந்தால் விசித்திரமான கோளாறு வரும்: வெளியிலிருந்து வரும் மெயிலெல்லாம் ஒழுங்காக வரும், தளத்தின் தொடர்புப் படிவம் அனுப்புவது மட்டும் வராது. சர்வர் அதை வெளியே அனுப்பாமல் தன்னிடமே இருக்கும் ஆளில்லாத பெட்டியில் போட்டுவிடும். படிவம் கெட்டுவிட்டது என்று ப்ளகினை மாற்றி மாற்றிப் பார்த்து நாள்கள் போகும்.

புதிய டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் வையுங்கள். ‘ஈமெயில் டெலிவரபிலிட்டி’ பக்கத்தில் ‘ரிப்பேர்’ அழுத்தினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் சிபேனலே எழுதும் (டிஎன்எஸ் வெளியே இருந்தால் அது காட்டும் மதிப்பைக் கொண்டுபோய் அங்கே ஒட்டுங்கள்). புதிய டொமைனுக்கு அனுப்புநர் என்ற நற்பெயர் இன்னும் உருவாகியிருக்காது. முதல் நாளே ஆயிரக்கணக்கானோருக்குப் பெயர் மாற்ற அறிவிப்பு அனுப்பினால் பெரும்பகுதி ஸ்பாமுக்குப் போகும். சில நூறாகப் பிரித்து அனுப்புங்கள்.

போனிலும் அவுட்லுக்கிலும் முழு மெயில் முகவரியே யூசர்நேம் என்பதால் அங்கே மாற்றியாக வேண்டும். போர்ட் எண்கள்: ஐமேப்புக்கு (கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும் முறை) 993, பாப்புக்கு (கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) 995, அனுப்ப 465. பழைய கணக்கை அவுட்லுக்கில் உடனே நீக்காதீர்கள். பாப் முறையில் வைத்திருந்தவர்களின் பழைய கடிதங்கள் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கக்கூடும்.

ரீடைரக்ட் காப்பாற்றாத இடங்கள்

ரேஸர்பே போன்ற பணப்பரிமாற்றச் சேவைகள் உங்கள் தளத்துக்கு அனுப்பும் வெப்ஹுக் செய்தி (பணம் வந்ததைத் தானாகத் தெரிவிப்பது) ரீடைரக்டைப் பின்தொடரும் என்று நம்பக்கூடாது. 301 வந்தால் பல மென்பொருள்கள், தகவலைச் சுமந்து வரும் போஸ்ட் கோரிக்கையை, பக்கத்தைக் கேட்க மட்டும் செய்யும் கெட் ஆக மாற்றிவிடும். தகவல் காலியாகப் போய்ச் சேரும். வாடிக்கையாளர் பணம் கட்டியிருப்பார், ஆர்டர் ‘பெண்டிங்’ என்றே நிற்கும். வெப்ஹுக் முகவரியைக் கையால் மாற்றுங்கள். தள முகவரியையும் அங்கே புதிதாகப் பதிய வேண்டும்; ஒப்புதல் வர நேரமாகலாம் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

ரீகேப்சா, கூகுள் மேப்ஸ் சாவி, கூகுள் அல்லது ஃபேஸ்புக் வழி லாகின் ஆகிய மூன்றும் அனுமதித்த டொமைன்களின் பட்டியலைப் பார்த்தே வேலை செய்யும். புதிய பெயரை அங்கே சேருங்கள். தளத்தின் முகவரியை அழைக்கும் க்ரான் வேலைகளையும் திருத்துங்கள். சாஃப்டாகுலஸ் என்ற நிறுவல் கருவி வழியாக வேர்ட்பிரஸை நிறுவியிருந்தால் அதில் நிறுவல் விவரத்தைத் திருத்துங்கள். இல்லையென்றால் அதன் தானியங்கி பேக்கப்பும் அப்டேட்டும் பழைய பாதையைத் தேடித் தோற்கும்.

கூகுள் சர்ச் கன்சோலில் பழையது, புதியது இரண்டையும் ஒரே கூகுள் கணக்கில் சரிபார்த்து வைத்து, பழைய டொமைனின் ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘சேஞ்ச் ஆஃப் அட்ரஸ்’ கொடுங்கள். 301 ரீடைரக்ட் ஓடாமல் இருந்தால் ஏற்காது. புதிய சைட்மேப்பையும் சேருங்கள். சில வாரங்கள் தேடல் வருகை ஏறி இறங்கும். அந்தச் சமயத்தில் தளத்தின் வடிவமைப்பையோ பதிவுகளின் முகவரி அமைப்பையோ மாற்றாதீர்கள். மாற்றினால் சரிவு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கோளாறும் காரணமும்

புதிய பெயரில் சிபேனலின் ‘சாரி’ பக்கம் வந்தால், டிஎன்எஸ் சர்வரைக் காட்டுகிறது, ஆனால் அந்த ஐபியில் அந்தப் பெயருக்குத் தளம் இல்லை என்று பொருள். ஐபி எண்ணைச் சரிபாருங்கள். சரியாக இருந்தால் வெப்சர்வர் அமைப்பை மறுபடி உருவாக்கச் சொல்லி சப்போர்ட்டிடம் கேளுங்கள்.

‘அதிகமான ரீடைரக்ட்கள்’ என்ற பிழை கிளவுட்ஃப்ளேர் உள்ள தளத்தில் வந்தால் அதன் எஸ்எஸ்எல் முறை ‘ஃப்ளெக்சிபிள்’ ஆக இருக்கும். ‘ஃபுல் ஸ்ட்ரிக்ட்’ ஆக மாற்றுங்கள். கிளவுட்ஃப்ளேர் இல்லாவிட்டால் முன்பு சொன்ன இருதிசை ஃபார்வர்டிங்கைத் தேடுங்கள்.

மாற்றும்போதே ‘இந்தப் பெயருக்கு டிஎன்எஸ் பதிவு ஏற்கெனவே உள்ளது’ என்று வந்தால், அதே நிறுவனத்தின் வேறொரு சர்வரில் எப்போதோ இந்த டொமைன் இருந்திருக்கிறது. அந்த மிச்சத்தை அழிக்க நிறுவனத்தால் மட்டுமே முடியும். அது உங்கள் டொமைன்தான் என்பதற்கு அவர்கள் ஆதாரம் கேட்பது நியாயமே.

பூட்டுச் சின்னம் இருந்தும் ‘பாதுகாப்பற்ற உள்ளடக்கம்’ என்று வந்தால், எங்கோ எச்டிடிபி என்றே எழுதிய பட முகவரிகள் மிச்சம் இருக்கின்றன. பிரவுசரின் டெவலப்பர் சாளரத்தில் ‘கன்சோல்’ எந்தக் கோப்பு என்று சொல்லிவிடும். பெரும்பாலும் தீமின் சிஎஸ்எஸ் கோப்பாக இருக்கும். சர்ச்-ரீப்ளேஸ் டேட்டாபேஸை மட்டுமே தொடும், கோப்புகளைத் தொடாது.

பழைய டொமைனை எப்போது விடலாம்

ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. மெயிலுக்கு அது போதாது. பழைய டொமைன் காலாவதியாகி, டாட் காம் பெயராக இருந்தால் மீட்புக் காலம் 30 நாளும் அதன்பின் 5 நாளும் கழிந்து, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலைக்கு வரும். வாங்குபவர் எல்லா முகவரிக்குமான பெட்டி ஒன்றை வைத்தால், நீங்கள் பழைய மெயிலில் தொடங்கிய கணக்குகளின் பாஸ்வேர்டு மாற்றும் இணைப்புகள் அவரிடம் போகும். எனவே ஃபார்வர்டர் வழியாகப் பழைய முகவரிக்கு இன்னும் என்னென்ன வருகிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஓடிபி, பில், பாஸ்வேர்டு தொடர்பான கடிதம் ஒன்று வந்தாலும் அந்த நிறுவனத்தில் முகவரியை மாற்றுங்கள். தொடர்ந்து ஒரு வருடம் விளம்பரத்தைத் தவிர வேறெதுவும் வராதபோதுதான் புதுப்பிக்காமல் விடுவதைப் பற்றி யோசிக்கலாம். பெயர் உங்கள் கடைக்கோ நிறுவனத்துக்கோ உரியதாக இருந்தால் அப்போதும் புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் எங்கள் பரிந்துரை. ஆண்டுக்கு ஒரு டொமைனின் கட்டணம் மட்டுமே செலவு.